ஒரு ஓட்டைகூட இல்லாத வாய்

ஜூன் 9, திங்கள்

போர்வைக்குள் டார்ச்சை வைத்து எழுதுகிறேன். அம்மா அடுத்த அறையில் தூங்குகிறாள்.

கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் ஓட்டை. பேனா முனை நுழையும் அளவு. வேறு வீடாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. என் அம்மா பல் டாக்டரிடம் உதவியாளர். நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறாள்: "என் பொண்ணுக்குப் பதிமூணு வயசு. வாயில ஒரு ஓட்டை கிடையாது. எல்லாம் வளர்ப்புலதான் இருக்கு." பிள்ளைகளை அழைத்து வந்த அம்மாக்களின் முகம் சுருங்கிவிடுமாம். அதையும் சாப்பிடும்போது சொல்லிச் சிரிக்கிறாள்.

அடுத்த மாதம் நாலாம் தேதி எங்கள் பள்ளியில் பல் பரிசோதனை. டாக்டரோடு அம்மாவும் வருகிறாள். எல்லோர் முன்னாலும் நான் வாயைத் திறக்க வேண்டும்.

ஜூன் 10

ஊரார் வாயெல்லாம் பார்க்கிறாள். என் வாயைக் கடைசியாக எப்போது பார்த்தாள்? ஞாபகமே வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

செய்துவிட்டேன்.

பல் ஓட்டையைக் கொஞ்ச நாளைக்கு மூடி வைக்க கிளினிக்கில் ஒரு வெள்ளைப் பசை உண்டு. தேதி முடிந்த குப்பிகளை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் ஆணி ஓட்டைகளை அடைப்பாள். இன்று குளியலறைக் கண்ணாடி முன் நின்று, தீக்குச்சியால் அதைத் தோண்டி எடுத்துப் பல்லுக்குள் அழுத்தினேன். எச்சில் பட்டதும் மெல்ல மெல்ல இறுகிவிட்டது. குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தேன். கூசவில்லை. சுவருக்கு ஆகிறது, எனக்கு ஆகாதா?

ஜூன் 15

இரண்டு பக்கமும் மென்று சாப்பிட்டேன். டாக்டர் எதற்கு?

ஜூன் 22, ஞாயிறு

வலி. காதுவரை இழுக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் பசை அப்படியே இருக்கிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஏன் — யார்கிட்ட கேக்குறது? பல்லுன்னாலே எங்க வீட்டுக்குத்தான் எல்லாரும் கேக்க வர்றாங்க. எனக்குக் கேக்க ஒரு ஆளில்ல.

ஜூன் 24, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன். சூடான பால் பட்டதும் என்னை அறியாமல் கன்னத்தைப் பிடித்துவிட்டேன். அம்மா தாடையைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். என்ன பசை என்றுகூட அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இத யார்கிட்டயாவது காட்டினியா?"

"இல்லம்மா."

"நல்லவேளை."

வலிக்குதான்னு கேட்டிருக்கலாம்ல. ஒரே ஒரு வார்த்தை.

ஜூன் 29, ஞாயிறு

கிளினிக்குக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டாக்டர், அம்மா, நான் மட்டும்.

டாக்டர் பசையைச் சுரண்டினார். நாற்றம் எனக்கே வந்தது. "சொத்தைய உள்ள வச்சுப் பூட்டியிருக்க, கண்ணு. அதச் சுத்தமா எடுக்காம மேல எத வச்சாலும், அடியில அரிச்சிக்கிட்டேதான் போகும்" என்றார். ஊசி போட்டார். பிறகு துளைக்கும் சத்தம், மண்டை முழுக்க. "மயிரிழையில நரம்பு தப்பிச்சது. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா வேருக்கே போயிருக்கும்."

அடியில் மருந்து. மேலே பல் நிறத்திலேயே ஒரு பசை, கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு முறையும் நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தார். மைத்தாளைக் கடிக்கச் சொல்லி, மை ஒட்டிய உயரமான இடத்தை இழைத்தார். "இனிமே உள்ள போக வழியில்ல. நல்லா மெல்லலாம். ஆனா ராத்திரியும் தேய்க்கணும். இதுல வெக்கம் என்ன? முதல்லயே வந்திருக்கலாமே." நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கருவித் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஊசி குத்திய அந்த ஒரு நொடிதான் வலித்தது. இதற்கா இத்தனை நாள் செத்துப் பிழைத்தேன்?

டாக்டர் கை கழுவப் போனதும் அம்மா என் வாய்க்குள் குனிந்து பார்த்தாள். "எது பல்லு, எது அடைச்சதுன்னு எனக்கே தெரியல." அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஜூலை 4, வெள்ளி

வகுப்பில் பாதிப் பேருக்குச் சொத்தை. என் பெஞ்சுக்காரி சுண்டெலிக்கு மூன்று. முன்பல்லாலேயே கொறித்துத் தின்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ஏன் அப்படித் தின்கிறாள் என்று இன்றுதான் தெரிந்தது. பல் அடைக்க வரச்சொல்லி வீட்டில் காட்டும் சீட்டை அம்மா அவளுக்கு எழுதிக்கொண்டே, "மூணா? வீட்ல யாரும் கவனிக்கிறதே இல்லையா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு என்னை முன்னால் நிறுத்தினாள். "நல்லா பாருங்க. ஒரு ஓட்டை கிடையாது." டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை. டீச்சர் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

மதியம் சுண்டெலி என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். கண் வீங்கியிருந்தது.

"உங்கம்மா அங்கதானே வேலை பாக்குறாங்க. பல்லு அடைச்சா ரொம்ப வலிக்குமாடி? வலிக்கும்னா வீட்ல சீட்டையே காட்ட மாட்டேன்."

"எனக்கெப்படித் தெரியும்?" என்றேன். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

அவள் சீட்டை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.