துறையூர் பெயரில் ஒரு சப்பாத்துக் கடை

ஜூன் 3
மழை. மஸ்கெலியா பஸ் பிந்தியது. கடை திறக்க எட்டரை. அப்பாவின் கருமாதி முடிந்து நாலாம் நாள். அழுகை இன்னும் வரவில்லை. பசி மட்டும் நேரத்துக்கு வருகிறது.

தைக்க வந்தது பள்ளிக்கூடச் சப்பாத்து மூன்று சோடி, குடை ஒன்று. அடி ஒட்டுகிற கம் வாங்க வேண்டும்.

நகர சபையிலிருந்து கடிதம். ரோட்டை அகலமாக்குகிறார்களாம். எங்கள் வரிசைக் கடைகள் எல்லாம் உடைபடும். பழைய பர்மிட் இருந்தால் புதுக் கட்டடத்தில் அறை. இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

ஜூன் 5
மழை. தகரப் பெட்டியில் பர்மிட் கிடைத்தது. தாத்தா எடுத்தது. உரிமையாளர் பெயர்: துறையூர்.

தாத்தா பெயர் முத்தையா. துறையூர், இந்தியாவில் அவர் பிறந்த ஊர்.

அம்மா சிரிக்காமல் சொன்னாள். அன்றைய கிளார்க் சிங்களத்தில் "நம?" என்று பெயர் கேட்டாராம். தாத்தா காதில் "கம?" என்று விழுந்ததாம். கம என்றால் ஊர். மனுஷன் ஊரைச் சொல்லிவிட்டார்.

"மாத்தப் போனா இருக்கிறதும் போயிரும்னு ஒங்கப்பா அப்பிடியே விட்டுட்டாரு."

நாற்பது வருஷம் அப்பா துறையூரின் கடையில் உட்கார்ந்து தைத்திருக்கிறார். தைத்து முடித்ததும் சப்பாத்துக்குள் சாக்கட்டியால் 'து' என்று போடுவார். துடைத்தாயிற்று என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு நானும் போட்டு வருகிறேன். மடச்சி.

ஜூன் 9
வெயில், கொஞ்சம். சபை ஆபீஸ். கிளார்க் லிந்துலைக்காரர், நம்ம ஆள். துறையூர் எனக்கு என்ன உறவு என்று கேட்டார். என் பிறப்புச் சான்றிதழில் அப்பா ராசமணி. அப்பாவுடையதில் அவர் அப்பா முத்தையா. துறையூர் எதிலும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அத்தாட்சி வேண்டுமாம்.

மத்தியானம் சாப்பிட்டேனா? ஞாபகமில்லை.

ஜூன் 11
பக்கத்துத் துணிக்கடை நசீர் நானாவிடம் சொன்னேன். உடனே கடையை மகனிடம் விட்டுவிட்டு எழுந்தார்.

"எங்க வாப்பா ஒங்க தாத்தாவ தொறையூராருன்னுதான் கூப்புடுவாரு. நான் கையெழுத்து வைக்கிறேன், தங்கச்சி."

சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி. துறையூரும் முத்தையாவும் ஒரே ஆள் என்று. நன்றி சொன்னேனா என்று சந்தேகம். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 13
மழை. சபை. கடதாசியை ஏற்றுக்கொண்டார்கள். அறை இலக்கம் ஏழு, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கம்.

முதலில் அப்பா பெயருக்கு மாற்றி, அப்புறம் என் பெயருக்கு என்றால் மாதக்கணக்கில் இழுக்குமாம். அதற்குள் அறை வேறு ஆளுக்குப் போய்விடுமாம். தாத்தாவிலிருந்து நேரே பேத்திக்கு என்றால் இன்றைக்கே முடியும். கிளார்க் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்பாவ விட்டுருவோமா, மிஸ்?"

"விட்டுருங்க" என்றேன்.

கடைக்கு வந்து நோட்டன் பிரிட்ஜ் டீச்சரின் சப்பாத்தைத் தைத்தேன். 'து' போடக் கை போகவில்லை. அப்பா பெயரின் 'ரா' போட்டேன். டீச்சர் வந்தார், பார்க்கவில்லை. மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.