மெயின்லேண்ட் சீட்

மார்ச் 18, செவ்வாய்

காலையில் குழாயில் காற்றுதான் வந்தது. இருந்த தண்ணீரில் சாகரிகா குளித்துவிட்டு பிளஸ் டூ பரீட்சைக்குப் போனாள். நான் குளிக்கவில்லை.

மதியம் மரகதம் அக்கா பேசினாள். தாம்பரத்தில் அவள் வீட்டு மாடி மே மாதம் காலியாகிறதாம். “நீயும் சாகியும் வந்து இருங்கடி. காலேஜ் பஸ்ஸெல்லாம் தெருமுனையிலயே நிக்குது” என்றாள். போனை வைத்த பிறகும் அந்த மாடியிலேயே இருந்தேன். வெயில் எந்த ஜன்னல் வழியாக வரும்? கொடி கட்ட இடம் இருக்குமா?

கல்யாணமாகி அந்தமானில் இந்த மாயாபந்தருக்கு வந்து பத்தொன்பது வருடம். மேட்டின் மேல் கடைத்தெரு. இந்தப் பக்கம் இறங்கினாலும் கடல், அந்தப் பக்கம் இறங்கினாலும் கடல். நடுவில் அவருடைய ஹார்டுவேர் கடை, கடைக்கு மேல் நாங்கள். அருப்புக்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் முடித்தவள் இங்கே ஆணி நிறுத்துப் போடுகிறேன்.

சாப்பிடும்போது அவரிடம் மாடியைப் பற்றிச் சொன்னேன். “ம்” என்றார். மோர் கேட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தீவுப் பிள்ளைகளுக்கு மெயின்லேண்ட் கல்லூரிகளில் ஒதுக்குகிற சீட்டுக்கு இன்று விண்ணப்பம் போட்டோம். வீட்டில் நெட் இல்லை, நெட் சென்டரில் இருந்தது. அதுவும் வந்து வந்து போயிற்று. நடத்துகிற பெங்காலிக்காரர் சாகரிகாவைப் பார்த்து, “கோன்சா கோர்ஸ், பேட்டி?” என்று கேட்டார், எந்தக் கோர்ஸ் மகளே என்று. நான் முந்திக்கொண்டு, “இன்ஜினியரிங். கம்ப்யூட்டர். சென்னை” என்றேன். அவள் மேலே ஓடிய காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியில், “அம்மா, நான் போர்ட் பிளேர் காலேஜ்ல ஜூவாலஜி போடவா?” என்றாள்.

“முதல்ல சீட் கிடைக்கட்டும்” என்றேன்.

எல்லாம் அந்தக் கர்மதாங் கடற்கரையால் வந்தது. மூன்று வருடமாக ஆமை முட்டையிடுகிற மாதங்களில் வனத்துறை ஆட்களோடு போய் மணலைத் தோண்டிக் கொண்டிருக்கிறாள். குஞ்சு பொரித்தால் எங்களுக்குப் போன் வரும். ஆமைக்குப் பிரசவம் பார்க்கவா பெற்றேன்?

ஏப்ரல் 7, திங்கள்

மாடி எங்களுக்குத்தான் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 13, செவ்வாய்

ரிசல்ட். எண்பத்தெட்டு சதவீதம்! கணக்கில்தான் அதிகம். என் ரத்தம்.

அவர் கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். கூரைத் தகடு வாங்க வந்த ஒரு ராஞ்சிக்காரருக்கு இரண்டு. “பேட்டி பாஸ் ஹோ கயீ”, மகள் பாஸாகிவிட்டாள் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எனக்கே சிரிப்பு வந்தது. இவருக்கு இவ்வளவு சத்தம் வரும் என்று தெரியாது.

சாகரிகா அடுப்படிக்கு வந்து என் முகத்தையே பார்த்தாள்.

“நீ குஷியா இருக்கியாம்மா?”

“இருக்க மாட்டேனா?”

“ரொம்ப நாளாச்சு உன்ன இப்படிப் பாத்து. அதான்.” மேலே என்னவோ சொல்ல வந்தாள். பிறகு லட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மே 30, வெள்ளி

ஐந்தாவது நாளாக மழை. கப்பல் ரத்து. நெட் போய்விட்டது, போனும் இழுத்து இழுத்துத்தான். காய்கறிக் கடையில் உருளைக்கிழங்கு மட்டும் இருக்கிறது, அதுவும் முளைவிட்டது. சுவரில் பூசணம். துடைக்கிறேன், மறுநாள் அதே இடத்தில் வருகிறது.

இந்த மழையை எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் இதே சமயத்தில் மூச்சு முட்டும். யாரிடம் சொல்வது? சொன்னால், “எல்லாருக்கும்தான் மழை” என்பார்கள். இருபத்திரண்டு வயதில் இங்கே வந்து இறங்கிய அன்றும் மழைதான். மறுநாளே திரும்பிப் போகும் கப்பல் எப்போது என்று கேட்டேன், வேடிக்கையாகக் கேட்டதாக எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இதுதான் கடைசி மழை. கவுன்சிலிங் முடியட்டும். சீட் கையில் வரட்டும். பெண் பிள்ளையைத் தனியாக விட முடியாது என்றால் யார் மறுக்க முடியும்? அவர்கூட மறுக்க முடியாது.

ஜூன் 16, திங்கள்

பிளேர் வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் முழு நாள். சாகரிகா ஜன்னலோரம், நான் சான்றிதழ் பையை மடியில் கட்டிக்கொண்டு. அவர் பஸ் ஏற்றிவிட வந்தார். எங்கள் பக்கத்து ஜன்னலை நன்றாக மூடியிருக்கிறதா என்று வெளியிலிருந்து தள்ளிப் பார்த்தார்.

டெலானிப்பூரில் ஒரு லாட்ஜ். நாளைக் காலை கவுன்சிலிங்.

ஜூன் 17, செவ்வாய்

எப்படி எழுதுறது.

பேரைக் கூப்பிட்டாங்க. போய் உட்கார்ந்தோம். அந்த அதிகாரி லிஸ்ட்டைப் பாத்துட்டு, சென்னையில கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கு, எடுத்துக்கிறியான்னு ஹிந்தியில கேட்டார். இருக்கு! இருந்துச்சு! நான் தலையை ஆட்டிக்கிட்டே இருக்கேன், பக்கத்துல இவ சொல்றா — “முஜே நஹீ சாஹியே, சார்.” எனக்கு வேண்டாம். அவ்வளவு பேர் முன்னாடி. குரல்கூட உசத்தல.

அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தார். வெளிய கூட்டிட்டுப் போய்ப் பேசிட்டு வாங்கன்னார்.

வராந்தாவுல நின்னோம். மழைச் சாரல். நான் என்னென்னவோ சொன்னேன். ஃப்யூச்சர், வேலை, ஊர்ல எல்லாரும் என்ன சொல்வாங்க. மாடி. மாடியைக்கூடச் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் சொன்னா—

“அம்மா, சச் போலூங்? உண்மையச் சொல்லவா? சென்னை எனக்கில்ல, உனக்கு வேணும். உனக்குப் போகணும்னா நீ போம்மா. என்ன வெச்சுப் போகாத.”

அடிச்சுட்டேன்.

கன்னத்துல. பதினேழு வருஷத்துல ஒரு தடவைகூட அடிச்சதில்ல. சுத்தி நின்னவங்க எல்லாம் திரும்பினாங்க. அவ அழல. கன்னத்தைத் தொடக்கூட இல்ல. உள்ளே போய் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டா.

அந்த சீட் அடுத்து நின்ற திக்லிப்பூர்ப் பெண்ணுக்குப் போனது. அவளுடைய அப்பா விவசாயி போல, கால்சட்டையெல்லாம் சேறு. வெளியே வந்து சாகரிகாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பெங்காலியில் ஏதோ சொல்லி அழுதார். அவள், “அச்சா, அங்கிள், அச்சா” என்று அவரைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அவளைத் தேற்ற ஆளில்லை.

ஜூன் 18, புதன்

வழியில் மண் சரிந்து ரோடு அடைந்துவிட்டது. பஸ் இல்லை. ஒரே அறை, இரண்டு கட்டில். அவள் காலையில் வெளியே போய்ப் பூரி வாங்கி வந்து என் பக்கம் வைத்தாள். நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. பூரி காகிதத்தில் எண்ணெய் விட்டு ஆறிப்போனது.

மாலை மழை விட்டதும், “வாம்மா, இங்கயே இருந்தா பைத்தியம் புடிக்கும்” என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். சாத்தம் பாலத்தைத் தாண்டி, மரம் அறுக்கும் மில்லை ஒட்டி நடந்து படகு ஜெட்டிக்குப் போனோம். ஈர மரத்தூள் வாசனை. எதிர்க்கரையில் பேம்பூஃப்ளாட் போகும் படகில் ஏறினோம். அங்கே எந்த வேலையும் இல்லை. போவதற்கும் வருவதற்கும்தான்.

பிளேருக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன். ஆஸ்பத்திரி, கொள்முதல், கப்பல். வேலை இல்லாமல் படகேறியது இன்றுதான்.

படகில் மீன்கூடைக்காரம்மாவோடு சாகரிகா ஹிந்தியில் பேசிச் சிரித்தாள். அந்தம்மாள் தெலுங்குக்காரி. எந்த மீன் எங்கே படுகிறது என்று என்னவோ விவாதம். இவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள், அந்தம்மாள் விடவில்லை. வீட்டில் என்னோடு தமிழில் பேசும்போது இவள் வார்த்தைக்குத் தடுமாறுவாள். மூன்று வருடம் முன்பு அக்கா பெண் கல்யாணத்துக்குத் தாம்பரம் போனபோது அவள் தமிழைக் கேட்டு எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்று முழுக்க மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். கூச்சம் என்று நான் நினைத்துவிட்டேன்.

“சென்னை வேண்டாம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” என்றேன்.

“சொன்னேன்மா. எத்தன தடவ. நீதான் முதல்ல சீட் கிடைக்கட்டும், சீட் கிடைக்கட்டும்னு… அப்புறம் உன் மூஞ்சியப் பாத்து சொல்லவே மனசு வரல.”

அவள் கன்னத்தைத் தொட்டேன். முகத்தை நகர்த்தவில்லை. மன்னிப்பு என்ற சொல் வாயில் வந்தது, வெளியே வரவில்லை. “பசிக்குதா?” என்றுதான் கேட்டேன்.

“பஹுத்” என்றாள். ரொம்பவாம்.

ஜூன் 20, வெள்ளி

வீடு வந்தாயிற்று. அவரிடம் அவளே சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். பிளேர் கல்லூரிக்கு ஏப்ரலிலேயே விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். அவர் திட்டவும் இல்லை, சந்தோஷப்படவும் இல்லை. கடைக்கு இறங்கிப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“இப்ப உங்களுக்கு நிம்மதிதான” என்றேன். சண்டை போடத்தான் போனேன்.

அவர் வண்ணப்பூச்சு டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். “பஸ் ஏத்திவிட்டுட்டு வந்து, சமையல் கத்துக்கணும்னு நினச்சேன்” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“நீ போனா திரும்ப மாட்டன்னு தெரியும், ஜெயந்தி. அக்கா மாடியப் பத்திச் சொன்ன அன்னிக்கே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் தடுக்கல?”

“தடுத்தா இருந்திருப்ப. இத்தன வருஷம் இருக்கியே, அந்த மாதிரி.”

டப்பாவை வைத்துவிட்டு அடுத்த டப்பாவை எடுத்தார். நான் கல்லாப்பெட்டி அருகே நின்றேன். யாரோ வந்து கால் கிலோ ஆணி கேட்டார்கள். நிறுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 14, திங்கள்

சாகரிகாவைப் பிளேர் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். அவளுடைய அறையில் மூன்று பெண்கள். ஒருத்தி நிக்கோபாரி. வந்த கொஞ்ச நேரத்திலேயே இவளுடைய எண்ணெய் பாட்டில் அவளிடம் போய்விட்டது.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டு பேருக்குச் சமைக்கக் கை மறந்துவிட்டது.

ஜூலை 27, ஞாயிறு

மழை, மழை, மழை. அவள் இருந்தபோது அவளுக்காக என்று ஒரு காரணம் இருந்தது. அவளுக்காக இருக்கிறேன், அவளுக்காகப் போகப் போகிறேன். இப்போது யாருக்காக? சுவரைத் துடைத்துக்கொண்டே இதைக் கேட்டேன், வாய்விட்டு. நல்லவேளை, அவர் கீழே இருந்தார்.

என்ன வெச்சுப் போகாத, என்றாள். சரி. வேறு யாரை வைத்துப் போவது? அம்மா இல்லை. அக்காவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து ஒன்றும் இல்லை. காரணமே இல்லாமல் ஒரு பெண்பிள்ளை கப்பல் ஏறினால் அதற்குப் பெயர் என்ன?

ஆகஸ்ட் 9, சனி

சொல்லிவிட்டேன். காலையில், கடை திறக்கும் முன்.

“அக்கா வீட்ல கொஞ்ச நாள் இருக்கப் போறேன்.”

“யாருக்கு உடம்பு சரியில்ல?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. எனக்குப் போகணும்.”

ஷட்டர் பூட்டில் சாவியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“பிளைட்டா, கப்பலா?”

“கப்பல்.”

“மழைக்காலம். வாந்தி எடுப்ப.”

“எடுத்துக்கிறேன்.”

ஷட்டரைத் தூக்கினார். பாதியில் சிக்கியது, வழக்கம்போல். நான் ஒரு பக்கம் பிடித்தேன். ஏறியது. உள்ளே போனவர் திரும்பி, “புளிக்குழம்பு எப்படி வைக்கணும்னு இன்னிக்கு மதியம் சொல்லிக் குடு” என்றார்.

மதியம் சொல்லிக் கொடுத்தேன். உப்பு இரண்டு முறை போட்டுவிட்டார். இருவரும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 30, சனி

பிளேரில் ஹேடோ கப்பல் ஜெட்டி. சாகரிகா கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு வழியனுப்ப வந்தாள். ஹாஸ்டல் மெஸ்ஸில் கெஞ்சி எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பாக்கு மட்டைத் தட்டு, ஊறுகாய், வாந்தி மாத்திரை.

“போன் எடுக்கணும். வேளைக்குச் சாப்பிடணும். யாராச்சும் தெரியாதவங்க பை குடுத்தா வாங்காத, சம்ஜி? புரியுதா?”

“சரிடி.”

“பப்பாவ நான் பாத்துக்கறேன். பூஜா லீவுக்கு ஊருக்குப் போயிருவேன்.”

நவம்பருக்குத் திரும்பும் டிக்கெட்டும் எடுத்திருக்கிறேன். நானே கவுன்டரில் நின்று எடுத்தேன். அவர் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. இப்போது காட்டினேன். வாங்கித் தேதியைப் பார்த்தாள், என் பையிலேயே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள். பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தலையில் உப்புக்காற்று வாசனை.

கேட்டுக்குள் பயணிகளுக்கு மட்டும்தான் அனுமதி. டிக்கெட் பார்த்தவர் என் பின்னால் ஆள் தேடிவிட்டு, “அகேலே?” என்றார். தனியாகவா?

“ஹாங்” என்றேன்.

படிக்கட்டில் பாதி ஏறித் திரும்பிப் பார்த்தேன். சாகரிகா சாலைக்குப் போய்விட்டாள். ஆட்டோக்காரரிடம் வாடகை பேசிக்கொண்டிருந்தாள், இடுப்பில் கை வைத்து, ஊர்க்காரி மாதிரி. ஒத்துவரவில்லை போல. ஆட்டோ போய்விட்டது. அவள் சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

பின்னால் இருந்தவர், “சலியே, சலியே” என்றார். நகர்ந்தேன்.