இருவர் கேட்க ஒரு சின்னப் பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

மன்னித்துக்கொள், நோட்டே. மணி பன்னிரண்டே கால். இந்த நேரத்தில் உன்னை எழுப்புகிறேன். சின்ன மேடம் இப்போதுதான் கண்ணை மூடினாள். ஏழு மாதத்துக்கு இவ்வளவு அதிகாரம் ஆகாது.

அவர் கூடத்தில் சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நெஞ்சின் மேல் போன், இரண்டு காதிலும் இயர்போன். அவ்வப்போது உடம்பு குலுங்குகிறது. எதற்கோ சிரிக்கிறார். எதற்கென்று எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் தெரியும். சனிக்கிழமை ராத்திரி என்றால் படம்தான். கொலை செய்தது யார் என்று அவர் பாதியிலேயே அடித்துச் சொல்வார். ஒரு தடவைகூடச் சரியாக இருந்ததில்லை. குழந்தை பிறந்த பிறகு ஒரு படம்கூட இல்லை.

இன்று வேலையிடத்தில் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். தூரத்து நகரத்தில் நாற்பது மாடிக் கட்டடங்கள் கட்டுகிறார்களாம். லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு அங்கே இரண்டு வருட வேலை. முதல் வருடம் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. இருபத்துநாலாம் தேதி, திங்கட்கிழமை காலைக்குள் சம்மதமா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

சாப்பிடும்போது கேட்டார்: "உனக்கு எப்படித் தோணுது?"

"உங்க இஷ்டம்தான்."

"சரி."

தட்டைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். நான் ஏன் அப்படிச் சொன்னேன்? போகாதீங்க என்று சொன்னால் முன்னேறப் போகிறவரைக் காலைப் பிடித்து இழுத்தவள் ஆவேன். போங்க என்று சொல்லவோ நாக்கு எழவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஒரு சனிக்கிழமை. ஒரே ஒரு படம். பக்கத்தில் உட்கார்ந்தால் மனதில் இருப்பது வாயிலிருந்து தானாக வந்துவிடும். நேருக்கு நேர் பார்த்துச் சொல்லத்தான் முடியவில்லை.

ஆனால் சத்தம்? படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவே கதவு இல்லை, ஒரு திரைதான். டிவியை ஆறில் வைத்தால் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. ஒன்பதில் வைத்தேன். படத்தில் எவனோ கதவைப் படாரென்று சாத்தினான், மேடம் எழுந்துவிட்டாள்.

ஹெட்ஃபோன் மாட்டலாம் என்று டார்ச் அடித்து டிவியின் முதுகு முழுக்கத் தேடினேன். ஹெட்ஃபோன் ஓட்டையே இல்லை. புது டிவி, ஒல்லி உடம்பு, காதை மட்டும் கழற்றிவிட்டார்கள். புளூடூத் ஒரே ஒரு ஹெட்செட்டுக்குத்தான் ஒத்துக்கொள்கிறது. அதிலும் ஆள் வாயை மூடிய பிறகுதான் வார்த்தை வருகிறது. எனக்கு இரண்டு வேண்டும். ஒரே நேரத்தில். அவருக்கும் எனக்கும்.

அவரிடம் கேட்டால் அரை மணியில் முடித்துவிடுவார். கேட்க மாட்டேன். இது என் வேலை.

மார்ச் 8, சனி

ஒன்று நுழைந்து இரண்டாக வெளியே வரும் ஸ்ப்ளிட்டர் வாங்கினேன். ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் சத்தம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சத்தம் வர வேண்டிய பக்கத்தில் ஹெட்ஃபோன் முனை நுழையவே இல்லை. நுழையாது என்று வாங்கும்போதே கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பி.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு. சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அவர் பத்து மணிக்கே தூங்கிவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

மேடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஒயர், ரிமோட், சார்ஜர் விற்கும் அந்தக் குறுகலான கடையில் ஒரு அக்காதான் எல்லாம்.

"இதுல ஒரு பக்கம் சத்தம் மட்டும் வரணும்க்கா. வரல."

"எப்படிம்மா வரும்? இது பிரிச்சுக் குடுக்கிற பொட்டி இல்ல. ஒரே படத்த ரெண்டு டிவிக்கு அனுப்புற பொட்டி. வீட்டுல ரெண்டு டிவியா?"

"ஒண்ணுக்கே கூட உக்காந்து பாக்க ஆளில்லக்கா."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய், உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தார்.

"இதுக்குப் பேரு ஆடியோ எக்ஸ்ட்ராக்டர். நீங்க படம் பாக்கிற செட்-டாப் பொட்டியிலேருந்து ஒயர் நேரா டிவிக்குப் போகக் கூடாது. இதுல எறங்கி, இதுலேருந்து டிவிக்கு ஏறணும். பஸ் மாறுற மாதிரி. படம் டிவிக்குப் போயிரும், சத்தத்த நீங்க இங்கயே எறக்கிக்கலாம். பாருங்க, ஹெட்ஃபோன் ஓட்டை."

ஓட்டையைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஹெட்ஃபோன் இரண்டு, ஒன்றை இரண்டாக்கும் சின்ன ஒயர் ஒன்று. "ஒயரு நீளமா இல்லம்மா, கையளவுதான்" என்றார். பரவாயில்லை என்றேன். ஸ்ப்ளிட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மேடம் கடையிலிருந்த ஒரு ரிமோட்டை நக்கிவிட்டாள். அதற்குக் காசு ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

உள்ளே, வெளியே, இரண்டு ஓட்டையும் ஒரே சாயல். மாற்றிச் சொருகிவிட்டேன். திரையில் 'சிக்னல் இல்லை'. நாற்பது நிமிடம் ஒயர் ஒயராகத் தடவிப் பார்த்தேன். டிவியையே கொன்றுவிட்டேனோ? பிறகு மாற்றிப் போட்டேன். படம் வந்தது.

ஹெட்ஃபோனை மாட்டினேன். மழை! காதுக்குள்ளேயே பெய்கிறது. கார்க் கதவு, ஈரத் தரையில் செருப்புச் சத்தம். டிவியை ஊமையாக்கிவிட்டேன், மேடம் அசையவில்லை.

அப்புறம் படத்தில் ஒரு வீடு. புருஷன் பெண்டாட்டி இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கரண்டி தட்டில் படுவது கேட்கிறது. நாற்காலி நகர்வது கேட்கிறது. அவர்கள் பேசுகிறார்கள், பேச்சு மட்டும் இல்லை. வாய் அசைகிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். மழை வருகிறது, இசை வருகிறது. பேச்சு வரவில்லை.

மார்ச் 15, சனி

ஒரு மருத்துவமனை லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டாராம், ஏழு மணிக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

பேச்சில்லாத படத்தைத் தனியாக முழுசாகப் பார்த்தேன். முட்டாள்தனம். இன்னும் ஒன்பது நாள்.

மார்ச் 17, திங்கள்

அம்மா போன் செய்தாள். "என்னடி முடிவு பண்ணீங்க?"

"இன்னும் பேசலம்மா."

"ஒரே வீட்டுல இருந்துட்டு என்னடி பேசல? அப்புறம் பகல் பூரா என்னதான் பண்ற?"

"ஒயர் மாட்டிட்டு இருக்கேன்."

"நல்லா மாட்டு. ஊரு பத்தி எரியறப்ப பிடிலு வாசிச்ச கதையா இருக்கு."

அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எனக்கே சரியாகப் புரியவில்லையே.

கடை அக்காவுக்கும் போன் போட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் சிரித்தார். "பொட்டி மேல தப்பில்லம்மா. உங்க படப் பொட்டி ஆறு ஸ்பீக்கர் இருக்கிற வீடுன்னு நெனச்சு அனுப்புது. அதுல பேச்சு மட்டும் நடு ஸ்பீக்கருக்குத் தனியாப் போகும். உங்ககிட்ட இருக்கிறதோ எடது, வலது, ரெண்டே காது. நடுவுல வர்றத வாங்கிக்க ஆளில்ல. படப் பொட்டியோட செட்டிங்ஸ்ல போயி, சத்தம்கிற எடத்துல ஸ்டீரியோன்னு மாத்துங்க. சரியாயிடும்."

மாற்றினேன். அதே வீடு, அதே சாப்பாட்டு மேசை. அந்தப் பெண் சொன்னது இதுதான்: "ஜன்னலைச் சாத்து, குளிருது." இதற்குப் போய் யாராவது அழுவார்களா? அழுதேன்.

மார்ச் 19, புதன்

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தே சுற்றுகிறார். துவைக்கும்போது எடுத்து வைத்தேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது. எத்தனை தடவை பிரித்துப் படித்திருப்பார்? அப்படியென்றால் ஆசைதானே? இல்லை, பயமா?

கேட்டிருக்கலாம். "கடுதாசி கிழியுது பாருங்க" என்று மட்டும் சொன்னேன். "ம்" என்றார்.

மார்ச் 22, சனி. இல்லை, ஞாயிறு ஆகிவிட்டது, மணி இரண்டரை

தூக்கம் வரவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

ஒன்பது மணிக்கு மேடம் தூங்கினாள். அவர் போனைக் கையில் எடுக்குமுன் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். பெட்டியைப் பார்த்தார்.

"யாரு மாட்டினது?"

"மெக்கானிக் வந்தாங்க."

"எந்த மெக்கானிக்?"

"பி.எஸ்சி. படிச்சவங்க. ரொம்ப கெட்டிக்காரங்களாம்."

குனிந்து ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே போனார், லிஃப்ட் கம்பியைச் சோதிப்பதுபோல. "அட, இது உள்ள போயி இப்படி வருதா. சரியாத்தான் போட்டிருக்க. மெக்கானிக்குக்குச் சாப்பாடு போட்டியா?"

"இன்னும் போடல. பசியோடதான் இருக்காங்க."

ஒயர் குட்டை. தள்ளி உட்கார்ந்தால் ஒருவர் காதிலிருந்து கழன்றுவிடும். தோளும் தோளும் ஒட்டித்தான் உட்கார வேண்டியிருந்தது. அவர் சட்டையில் கிரீஸ் வாசனை. எத்தனை மாதம் ஆயிற்று இவ்வளவு பக்கத்தில்! இருபதாவது நிமிடம் என் தொடையில் தட்டி, திரையில் தோட்டக்காரனைக் காட்டிக் கழுத்தை அறுப்பதுபோல் சைகை செய்தார். அவன்தான் கொலைகாரனாம். அப்படியென்றால் தோட்டக்காரன் நிரபராதி என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

இப்போது சொல்லிவிடலாம், இந்தக் காட்சி முடியட்டும், அடுத்தது முடியட்டும் என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். சொன்னாரா? கத்தினார். காது இரண்டும் முழுக்க அடைத்திருக்கிறதே, தன் குரல் எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை. நான்காவது மாடியிலிருந்து கீழே இருக்கும் ஆளிடம் கேட்பதுபோல:

"நான் போகலைன்னா உனக்கு ஏமாத்தமா இருக்குமா?"

ஹெட்ஃபோனையும் தாண்டி எனக்குக் கேட்டது. படுக்கையறைத் திரைக்கு அந்தப் பக்கம் மேடத்துக்கும் கேட்டது. வீறிட்டாள் பார்! அவர் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே ஓடினார். பெட்டி மேசையிலிருந்து இழுபட்டு அந்தரத்தில் தொங்கியது. கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது.

இரண்டு மணி வரை தோளில் போட்டு நடந்தார். நாங்கள் கிசுகிசுத்தால்கூட அவள் கண் திறந்தது. பேச வழியில்லை. அவர் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். திடீரென்று இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வராமல், வயிறு வலிக்க. அப்புறம் அவர் சிரிப்பு நின்றது. புருவத்தைத் தூக்கினார்.

நான் பதில் சொல்வதற்குள் மேடம் மறுபடி ஆரம்பித்துவிட்டாள். அவளோடு சேர்ந்து அவரும் தூங்கிப்போனார். ஐந்தரைக்கு எழுந்து அவர் ஞாயிறு டியூட்டிக்குப் போகணும், அதுவும் இரண்டு ஷிஃப்ட்.

மார்ச் 23, ஞாயிறு

என்னங்க,

இந்த நோட்டு நீங்க படிக்கிறதுக்காக எழுதினதில்லை. இன்னைக்கு மட்டும் உங்களுக்காகத் திறந்து வைக்கிறேன். முன்னாடி எழுதினதையும் படிச்சுக்கோங்க, பரவாயில்லை. நீங்க ராத்திரி பத்து மணிக்கு வரும்போது அனேகமாக நான் அவளோடு சேர்ந்து தூங்கியிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றுக் கேட்டதற்குப் பதில்: எனக்கு ஏமாற்றம் இல்லை. போகாதீங்க. இதை அன்றைக்கே சொல்லியிருக்கணும். உங்க இஷ்டம் என்று சொன்னது பொய். எனக்கென்று ஓர் இஷ்டம் இருந்தது, சொல்லப் பயந்தேன்.

ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக மட்டும் இருந்துவிடாதீங்க. நாற்பது மாடியில் ஏறணும் என்று உள்ளே ஆசை இருந்தால் அதையும் சொல்லுங்க. கோபப்பட மாட்டேன். கொஞ்சம் அழுவேன், அவ்வளவுதான்.

நாளைக் காலைக்குள் அவர்களுக்குச் சொல்லணும். அதற்கு முன்னால் எனக்குச் சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் சரி, என்னை எழுப்புங்க. எழுப்ப மனசு வரலைன்னா இதுக்குக் கீழேயே எழுதி வைங்க. சீக்கிரம் பதில் போடுங்க.