பழைய ஹெட்போனின் இடப்பக்கம்

யூலை 6, ஞாயிறு
கச்சான் காற்று. வாயெல்லாம் புழுதி. துறைமுகப் பக்கம், கப்பலில் இருந்து இறங்கும் பழைய சாமான் விற்கும் கடை. தனியே போக அம்மா விடவில்லை. அண்ணா கூட வந்தார்.

ஹெட்போன் என்னைவிட மூத்தது. நல்ல கனம். சுருள் வயர். காது மெத்தையில் தேங்காய் எண்ணெய் மணம். மினுங்கட்டும் என்று பூசியிருக்கிறார்கள். மூடத்தனம். துடைக்க வேண்டும்.

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கேக்குமோ?” கேட்டது நான். கடைக்கார நானா பார்த்தது அண்ணாவை. “போட்டுப் பாக்கச் சொல்லுங்க தம்பி.”

காதில் ஏதோ குத்துப்பாட்டு. வெளியே பஸ் ஹோர்ன். தனிக்குரல் ஒன்று கேட்டுப் பார்க்குமுன், “காணும், கேட்டது போதும், வா, வெயில்” என்றார் அண்ணா. வாங்கியாயிற்று.

யூலை 8, செவ்வாய்
கொழும்பில் ஒலிநூல் செய்யும் நிறுவனத்துக்கு, ஒலி திருத்தும் வேலைக்கான பரீட்சைத் துண்டு அனுப்பினேன். கிடைத்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். வேலைக்குப் போக வரத் துணைக்கு ஆள் தேடத் தேவையில்லை. வாசிப்பவரின் குரல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இடப்பக்கத்தைக் கூட்டிச் சரிசெய்தேன்.

அரிசிமா முடிந்தது. வாங்க வேண்டும்.

யூலை 10, வியாழன்
பதில்: ‘குரல் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. கவனிக்கவில்லையா?’

ஹெட்போனை இடம் வலம் மாற்றிப் போட்டேன். மங்கலும் மற்றக் காதுக்கு மாறியது. பிழை என் காதில் இல்லை, ஹெட்போனில். பதிவு முதலே சரியாகத்தான் இருந்திருக்கிறது, கெடுத்தது நான். திருத்தி அனுப்பட்டுமா என்று எழுதினேன். பதில் இல்லை.

படித்த புத்தகங்களில் கோபம் வந்தால் கதவை அறைகிறார்கள். என் அறைக்குத் திரைச்சீலை.

யூலை 11, வெள்ளி
நூலகம் என்று அம்மாவிடம் பொய். ஜும்ஆத் தொழுகை முடிந்துதான் கடை திறந்தது.

“அண்ணா வரல்லியா?”

“வாங்கினது நான், நானா. என்னோட கதையுங்கோ. இடப்பக்கம் கேளாததை நல்லதெண்டு வித்திருக்கிறீங்கள்.”

“நல்லதெண்டு ஆரு சொன்ன? இடப்பக்கம் குறைவெண்டு அண்ணாட்டச் சொன்னேனே. நீங்க காதில மாட்டிக்கொண்டு நிண்டீங்க. தங்கச்சிக்குப் பாட்டுக் கேக்கத்தானே, காணும் எண்டாரு.”

“எனக்கேன் சொல்லேல்லை?”

“கூட ஆம்பிளை நிக்கக்க உங்களோட எப்பிடிக் கதைக்கிற? மரியாதையில்லையே.”

மரியாதையாம்.

திரும்பும்போது பஸ்ஸில் கொழும்பின் பதில். வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். நன்றியாம்.

வீட்டில் அண்ணா ரிவிக்கு முன்னால். என் கையில் ஹெட்போனைக் கண்டார்.

“கடைக்கோ போனனீ? என்னவாம்?”

“உங்களிட்டச் சொன்னதைத்தான் எனக்கும் சொன்னவர்.”

“அதுக்கென்ன இப்ப. ஒரு பக்கம் கேக்குதுதானே.”

“அந்த வேலை எனக்கில்லையாம்.”

ரிவியின் சத்தத்தைக் கூட்டினார்.