என் தங்கைக்கு வேலைத்திறன் இல்லை என்ற அறிக்கையை ரத்து செய்யக் கோரி

அனுப்புநர்:
விண்ணப்பதாரரின் அண்ணன்,
இருசக்கர வாகன உதிரிபாகக் கடை,
பேருந்து நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
மாற்றுத்திறனாளிகள் வேலைவாய்ப்பு மையம்.

பொருள்: தொழில்திறன் மறுமதிப்பீடு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தங்கைக்கு வயது முப்பத்திரண்டு. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு நிமிடமாவது ஆகும்.

2. கிடங்குப் பொறுப்பாளர் பயிற்சிக்கு அவளே விண்ணப்பித்திருந்தாள். சென்ற மாதம் மதிப்பீட்டுக்கு நான் அழைத்து வந்தேன். மதிப்பீட்டாளர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தே, "இவங்களால என்ன வேலை செய்ய முடியும்?" என்று கேட்டார். அவள், "நான்... கடையில..." என்று தொடங்கினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் குறுக்கிட்டு, "அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். கவர் ஒட்டுற மாதிரி ஏதாவது குடுங்க, வீட்டுலயே இருந்துக்குவா" என்றேன். பதினோரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. 'தனித்து இயங்கும் திறன் இல்லை' என்று அறிக்கை வந்தது.

3. ஆளை விட்டுவிட்டுத் துணைக்கு வந்தவனைக் கேட்டது மதிப்பீட்டாளரின் தவறு. பொய் சொன்னது நான். இப்புகாரில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளவும்.

4. ஒன்பது ஆண்டுகளாக என் கடை அவள் தலையில்தான் ஓடுகிறது. எந்த வண்டிக்கு எந்த பிரேக் ஷூ, எந்தத் தட்டில், எத்தனை மிச்சம் என்பதெல்லாம் அவளைக் கேட்டால்தான் தெரியும். மெக்கானிக்குகள் அவளை 'கம்ப்யூட்டர்' என்பார்கள். என்னை 'கம்ப்யூட்டரோட அண்ணன்'. நானும் சேர்ந்து சிரிப்பேன். பயிற்சிக்குப் போனால் வேறிடத்தில் வேலைக்குப் போய்விடுவாளே, கடை என்னாவது என்ற பயத்தில்தான் அப்படிச் சொன்னேன், ஐயா.

5. அறிக்கையை அவளே பிரித்துப் படித்தாள். திட்டவில்லை. "அண்ணா, நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ காத்திருந்திருக்கலாம்" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு ஆன நேரம் முழுவதும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் கடைக்கு வந்தாள். ஒருவர் ஆயில் சீல் கேட்டார். அது எங்கே என்று அவளைக் கேட்கக் கூசி, நானே தட்டுகளில் தேடினேன். கேட்காமலேயே தட்டைக் காட்டினாள்.

6. இம்மனுவை அவள் படித்துவிட்டாள். ஓரிடத்தில் 'பாவம், என் தங்கை' என்று எழுதியிருந்தேன். அதை அடித்து நீக்கச் சொன்னாள், நீக்கிவிட்டேன்.

ஆகவே, அந்த அறிக்கையை ரத்து செய்து, கேள்விகளை அவளிடமே கேட்டு, பதில் முடியும்வரை பொறுத்திருந்து, மறுமதிப்பீடு செய்ய ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். அன்று அவளை வாசல்வரை கொண்டுவந்து விடுவேன். அறைக்குள் என்னை விட வேண்டாம்.

நாள்: அறிக்கை கிடைத்த பன்னிரண்டாம் நாள்
இடம்: கடை

தலைகுனிந்து,
(கையொப்பம்)
விண்ணப்பதாரரின் அண்ணன்