தொப்பிக்காரிகள் நடுவே என் முக்காடு

பாரீஸ்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முட்டி வலி தேவலையா? ஆம்பூரில் வெயில் குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் அப்பா பக்கத்திலிருந்து, "இன்னா வேலை அது, கிளம்பி வா" என்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

படிப்பு போக நான் வேலை செய்யும் கடையில் நூறு வருடத்துக்கு முந்தைய பேஷன் படங்கள் விற்கிறோம். எல்லாம் தொப்பி போட்ட பெண்கள். ஒருத்தி தலையில் இறகு, இன்னொருத்தி தலையில் பழக்கூடையே இருக்கிறது. நான் முதலில் பார்த்தது அவர்களுடைய தோல் கையுறைகளின் தையலைத்தான். ஷூ கம்பெனிக்காரர் மகளாயிற்றே!

நேற்று வந்த ஒரு அம்மாள் என் முக்காட்டைக் காட்டி, "கடைக்குள்ளாவது இதை எடுக்கக் கூடாதா?" என்றார். நான் சுவரைக் காட்டினேன். "இவர்களில் தலையை மூடாதவள் ஒருத்தியைக் காட்டுங்கள், எடுத்துவிடுகிறேன்" என்றேன். அவர் நிஜமாகவே ஒவ்வொரு படமாகத் தேடினார், அம்மி! பிறகு எதுவும் வாங்காமல் போய்விட்டார்.

முதலாளியம்மா, "இனிமேல் பின்னறையில் படங்களுக்குச் சட்டம் போடு" என்றார். கடையில் முன்னால் நிற்கக் கூடாதென்றால் இந்த வேலையே வேண்டாம் என்றேன். நாளை என்ன சொல்வாரோ, இன்று முன்னால்தான் நிற்கப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு உட்காரும்போது போனை நடுவில் வையுங்கள். நீங்கள் எல்லோரும் சண்டை போடுவது கேட்கட்டும்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. தௌசீப் மாமா ஷூ கண்காட்சிக்கு இங்கே வரும்போது என் ஈத் துப்பட்டாவைக் கொடுத்தனுப்புங்கள். சாம்பல் நிறம் வேண்டாம். அந்த ரோஸ்தான் வேண்டும். தெருவுக்கு அந்தப் பக்கமிருந்தே தெரிய வேண்டும்.

உங்கள்
அலீனா