சவரியின் கிடாரும் நான் தேய்த்த எலும்பும்

போன இடத்திலும் என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கும் என் சவரி மாப்ளைக்கு,

உன் மச்சான் பாண்டி எழுதுகிறேன். நாம் சொந்தத்தில் மாமன் மச்சான் இல்லை என்பது ஊருக்கே தெரியும். நீ ராயப்பன்பட்டிக் கோயில் பாடற்குழுவில் கிடார் வாசிக்கிறவன். நான் கம்பத்தில் ஜீப் மெக்கானிக், நெற்றி நிறைய விபூதி பூசுகிறவன். இருபது வருசம் கூப்பிட்டுக் கூப்பிட்டே சொந்தமாகிவிட்டோம். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன் என்பது உனக்குத் தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் அங்கன உங்க தேவதூதர்களில் படித்த சம்மனசு யாராவது இருப்பார்கள், திருத்தச் சொல்லிப் படித்துக்கொள்.

நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வருகிறது. செத்தவனிடம் அதைக் கேட்கலாமா?

இங்கன சேதி ஒன்றும் பெரிசாக இல்லை. நீ வேலை பார்த்த திராட்சைத் தோட்டத்தில் கவாத்துக்குப் புது ஆள் வந்திருக்கிறான். பரோட்டா பிய்க்கிற மாதிரி கொடியைப் பிய்க்கிறான். பட்டறையில் நாம் உட்காருகிற பழைய ஜீப் சீட்டில் உன் பக்கம் யாரும் உட்காருவதில்லை. ஒரு நாய்தான் படுத்துக்கொள்கிறது. அதுவும் உன்னை மாதிரியே நான் தூக்குச் சட்டியைத் திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்துவிடுகிறது.

உன் கிடார் என்னிடம் இருக்கிறது. முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு உன் பொண்டாட்டி லூர்து பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்தது. “அண்ணே, இது சுவத்துல தொங்கிக்கிட்டு என்னையவே பாக்குது. நீங்க வச்சுக்கங்க” என்றது. வாங்கி வைத்தேன். பதினோரு மாசம் உறையைத் திறக்கவில்லை.

அது வந்த கதை நினைவிருக்கிறதா? மலை மேலே ஒரு எஸ்டேட் பங்களாவை ஒழித்தபோது ஜீப்காரன் ஒருவன் உடைந்த கட்டில், நாற்காலியோடு சேர்த்து அதையும் இறக்கிக்கொண்டு வந்தான். ஏலக்காய் உலர்த்துகிற அறையில் வருசக்கணக்காகக் கிடந்ததாம். ஒரு பழைய டயரைக் கொடுத்து நீ வாங்கினாய். டயர் என்னுடையது. உள்ளே ஒட்டியிருந்த சீட்டைக் கரையான் தின்றுவிட்டதால் யார் செய்தது, எங்கன செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. மூக்கைத் துளைக்குள் வைத்தால் இன்றைக்கும் ஏலக்காய் மணக்கிறது.

மதுரையில் உன் தம்பி வாங்கிக் கொடுத்த புதுக் கிடாரை நீ பெட்டியிலேயே பூட்டி வைத்தாய். “அது மாப்பிள்ள சட்ட மச்சான். போட்டா உக்காரவும் முடியாது, சாயவும் முடியாது. இது வீட்ல கட்டுற கைலி” என்றாய். நான் சிரித்தேன். கம்பியில் நாலு கார்டு பிடிக்க நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் விசயம் புரிந்தது. புதுசைத் தொட்டால் கீறிவிடுமோ என்று கை கூசுகிறது. பழசில் அந்தக் கவலை இல்லை. எவனோ இடித்து, எவனோ சிகரெட்டால் சுட்டு, நமக்கு முன்னாலேயே எல்லாக் கெடுதலும் அதற்கு நடந்து முடிந்துவிட்டது. காய்ந்த பலகை. பக்கத்தில் இருமினால் கூட உள்ளே ஒரு முனகல் கேட்கும். கம்பியைத் தட்டினால் காதுக்கு முன்னாலே நெஞ்செலும்புக்குத் தெரியும்.

அப்புறம் அந்தக் குழி. C கார்டு பிடிக்கிற இடத்தில் கம்பிக்கு அடியில் மூன்று சின்னக் குழி, ஊர் பேர் தெரியாத ஒருத்தன் வருசக்கணக்காக அமுக்கிய இடம். விரலை வைத்தால் தானாக அதில் போய் உட்காரும். “இந்தாளு நமக்கு எடம் போட்டு வச்சிருக்கான் மச்சான்” என்று நீ அடிக்கடி சொல்வாய். மத்தியானம் கரண்ட் போகும் நேரம் பார்த்துத் தோட்டத்திலிருந்து வருவாய். ஒரு மணி நேரம் வாசிப்போம். நீ வாசிப்பாய், நான் தப்பாக வாசிப்பேன்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

நீ போவதற்கு முந்தின வருசம், உங்க ஈஸ்டர் பாஸ்கா முடிந்த வாரம் நீ கிடாரோடு வந்து, “மச்சான், கம்பி ஒசரமாயிருச்சு. அமுக்க முடியல” என்றாய். பழைய கிடாரில் அது நடக்கிற காரியம்தான். கழுத்து வளையும், கம்பி மேலே ஏறும். அப்போது துளைக்குக் கீழே கம்பிகள் ஏறி நிற்கிற எலும்புத் துண்டைக் கழற்றி அடியில் கொஞ்சம் தேய்த்தால் கம்பி இறங்கிவிடும். நான் மெக்கானிக். என்னிடம் அரம் இருந்தது. பட்டறை இடுக்கியில் பிடித்து நாலு இழுப்பு இழுத்து மாட்டிக் கொடுத்தேன்.

மாசம் கழித்து மறுபடியும் வந்தாய். “இன்னும் கொஞ்சம்.”

“கெழவனுக்குக் கெழவன் பொருத்தந்தான். அதுக்குக் கழுத்து வளைஞ்சுருச்சு, உனக்குக் கை வளைஞ்சுருச்சு” என்றேன். நீயும் சிரித்தாய். நான் மறுபடியும் தேய்த்தேன்.

ஆடியில் கவாத்துக் கத்தரியைக் கொண்டுவந்தாய், மழுங்கிவிட்டது என்று. கல்லில் பிடித்துத் தீட்டிக் கொடுத்தேன். தாளை வைத்து வெட்டிப் பார்த்தேன், சர்ரென்று வெட்டியது. பத்து நாளில் திரும்ப வந்து மழுங்கிவிட்டது என்றாய். நீ இரும்புக் கம்பியை வெட்டினாயா, லூர்து நாக்கை வெட்டினாயா என்று கேட்டேன். பட்டறையே சிரித்தது. அந்தக் கத்தரி மழுங்கவே இல்லை மாப்ள. கையில் வாங்கியதுமே அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் தீட்டினேன். கேலி வாயில் இருக்கும்போது புத்தி எங்கே போகிறது?

பாஸ்காவிலிருந்து பொங்கல்வரை பத்து மாசம். எலும்பு பாதியாகிவிட்டது. கம்பி கட்டையில் படுத்து கொர்ரென்று அடிக்க ஆரம்பித்தது. அதற்கு மேல் இறங்க இடமில்லை. அப்போதும் நீ “அமுக்க முடியலையே மச்சான்” என்றாய். நான் வாங்கி அமுக்கினேன். சின்னப் பிள்ளை கூட அமுக்கலாம். அன்றைக்குத்தான் உன் கையைப் பார்த்தேன். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதையே இல்லை. பள்ளமாக இருந்தது.

மதுரைக்கு உன்னையும் லூர்துவையும் என் ஜீப்பில்தான் கூட்டிப்போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்து எலும்புக்குள் கட்டி, நரம்பைச் சுற்றிவிட்டது என்றார் டாக்டர். லூர்துவை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பிவிட்டு உன்னைக் கேட்டார், விரலில் பலம் எப்போதிருந்து குறைந்தது என்று.

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். “ரெண்டு மாசமா சார்” என்றாய்.

நான் பக்கத்தில் நின்றேன். பத்து மாசம் அரம் பிடித்தவன் நின்றுகொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினேன். டாக்டர் பெருமூச்சு விட்டார். “வேகமா வளந்திருக்கு. ஆரம்பத்துலயே வந்திருந்தா வேற மாதிரி பாத்திருக்கலாம்” என்றார். எனக்காகத்தான் அந்தப் பொய் சொன்னாயா? இல்லை, உனக்கே அதை நினைக்கப் பயமாக இருந்ததா? ஜீப்பில் திரும்பும்போது கேட்டிருக்கலாம். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கி, தேனி தாண்டி, ராயப்பன்பட்டிவரை ரோடு மோசம் என்று மட்டுமே பேசிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் நீ படுத்தாய். நாலு மாசம். கடைசி வாரம் உன் நெஞ்சு மேல் கிடாரைச் சாய்த்து வைத்து நான் தட்டினேன், உடம்புக்குள் கேட்கட்டும் என்று. உன் இடது கையைத் தூக்கி, ஒவ்வொரு விரலாக அந்தக் குழிகளில் வைத்தேன். ஈரத்துணி மாதிரி கிடந்தது. மேலிருந்து என் விரலால் அமுக்கினேன். கொர்ரென்றது.

“இன்னும் ஒசரமாத்தான் இருக்கு மச்சான்” என்றாய்.

கேலி பண்ணினாயா, குத்தினாயா? இத்தனை நாள் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த பிறகு, துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் லூர்து ஒரே பேச்சுத்தான் பேசியது. “ரெண்டே மாச நோவு, அதுக்குள்ள முத்திருச்சுன்னாரு டாக்டரு. சொல்லாமக் கொள்ளாம ஆளக் கொண்டுக்கிட்டுப் போயிருச்சு.” ஒவ்வொரு தடவையும் நான் தரையைப் பார்த்தேன்.

இந்த வாரம் உனக்கு முதலாண்டுப் பூசை. போன ஞாயிற்றுக்கிழமை லூர்து போன் பண்ணியது. “அண்ணே, அவுக கிடாரத்தான் வாசிக்கணும்னு ஃபாதர் சொல்லிட்டாக. நீங்களே வந்து வாசிங்க. பாடற்குழுப் பிள்ளைகளுக்குப் பழசப் பிடிச்சு வாசிக்கத் தெரியல.” சரி என்றுவிட்டு உறையைத் திறந்தேன். தட்டினேன். கோயில் நிறைய ஆள் இருக்கும்போது இந்தக் கொரகொரப்போடு எப்படி வாசிப்பது? எலும்பை மாற்றினால் சரியாகிவிடும். மாட்டெலும்பு வாங்கி, வேகவைத்து, அறுத்தால் அரை நாள் வேலை. அறுக்க உட்கார்ந்தேன். அரத்தைக் கையில் எடுத்ததும் முடியவில்லை. பழைய எலும்பைத் தூக்கிப் போட்டுவிட்டால் நான் செய்தது யாருக்கும் தெரியாது. அதுதான் பயமாக இருந்தது.

புதன்கிழமை உன் வீட்டுக்குப் போய் லூர்துவிடம் சொன்னேன். எலும்பைக் கழற்றி அதன் உள்ளங்கையில் வைத்து, பாஸ்காவிலிருந்து தேய்த்தது, கத்தரியைத் தீட்டியது, டாக்டர் முன்னால் தலையாட்டியது, எல்லாம்.

“பக்கத்துல நின்னுக்கிட்டுத் தலைய ஆட்டுனீகளாண்ணே?” என்று கேட்டது. அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டது. இனி இந்த வாசலை மிதிக்க முடியாது என்று நினைத்துச் செருப்பை மாட்டினேன். அப்போது உன் வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தது.

“பாஸ்காவுல இருந்து இதுக்குப் பித்தான் நாந்தேன் மாட்டிவிட்டேன். போட்டுவிடுடி, போட்டுவிடுடின்னு வந்து நிப்பாக. பிள்ளைகளக் கட்டிக்குடுத்த பெறகு இந்த மனுசனுக்கு இப்பத்தேன் ஆச வருதுன்னு நெனச்சேண்ணே. பித்தான மாட்டிட்டுக் கன்னத்துல ஒரு தட்டு வேற தட்டுவேன்.”

சட்டையை மடித்தது. பிரித்தது. மறுபடி மடித்தது. பாஸ்காவிலிருந்து என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டது அதற்கும் உறைத்திருக்க வேண்டும். ரெண்டு மாசம் என்று அப்புறம் அது சொல்லவே இல்லை.

எலும்பை என் கையில் திருப்பிக் கொடுத்து, “அந்த எலும்பத் தூக்கிப் போட்டுறாதீக” என்றது. “ஆனா கொரகொரன்னும் வாசிக்காதீக. அவுகளுக்குப் பிடிக்காது.”

வீட்டுக்கு வராமல் நேராகப் பட்டறைக்குப் போனேன். ஜீப் ஸ்டியரிங்கில் ஆட்டம் வந்தால் இடையில் கொடுக்கிற பித்தளைத் தகடு என்னிடம் இருக்கிறது, காகிதக் கனத்தில். அதை எலும்பின் நீளத்துக்கு வெட்டி, ஒன்று, ரெண்டு, மூன்று என்று அடியில் கொடுத்து உயர்த்தினேன். அஞ்சாவது தகட்டில் கொரகொரப்பு நின்றது. நான் தேய்த்த எலும்பு மேலே, நான் வைத்த தகடு கீழே. குரல் கொஞ்சம் மாறிவிட்டது. சளி பிடித்துத் தெளிந்தவன் மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் வாசிப்பேன். பாட்டின் மூன்றாவது அடியில் நீ எப்போதும் பிந்துவாய் அல்லவா, அந்த இடத்தில் நானும் பிந்துகிறேன். வேண்டுமென்று இல்லை, எனக்கு வாசிக்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

நேற்று காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு டிரைவர் வந்தான். “அண்ணே, கிளட்ச் ரொம்பக் கனமா இருக்கு, மிதிக்க முடியல” என்றான். வண்டிக்கு அடியில் படுக்கப் போனவன் எழுந்து, “ஏலே, மொதல்ல காலக் காட்டு” என்றேன். பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான். பேண்ட்டைச் சுருட்டச் சொல்லி ரெண்டு காலையும் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தொட்டேன். கிளட்ச்தான் கெட்டிருந்தது.

கேலியை விடுகிறேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன், என்னால் முடியாது. ஆனால் இனி எவன் வந்து எது கனக்கிறது என்று சொன்னாலும், அரத்தை எடுப்பதற்கு முன்னால் அவன் கையைப் பிடித்துப் பார்ப்பேன் மாப்ள. அது சத்தியம்.

உன் விரல் கிடந்த குழியில் விரலை வைத்துக்கொண்டு,
உன் மச்சான்
பாண்டி